கொட்டேஷனில் இல்லாத அளவு

புதிய டெஸ்க் பெஞ்சுகள் வாங்கவிருந்த ஒரு பள்ளியின் தாளாளர், மூன்று பட்டறைகளிலிருந்து பெற்ற கொட்டேஷன்களை என்னிடம் காட்டி, எதை எடுக்கலாம் என்று கேட்டார். பைப்பின் கனம், பிளைவுட்டின் தடிமன், மைக்காவின் நிறம், பெஞ்சின் நீளம், ஏற்றுக்கூலி எல்லாம் அவற்றில் இருந்தன. உட்காரும் பலகை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது மட்டும் இரண்டில் இல்லவே இல்லை. மூன்றாவதில் அந்த இடத்தில் ‘ஸ்டாண்டர்டு சைஸ்’ என்று எழுதியிருந்தது. எந்த வகுப்புப் பிள்ளைக்கு ஸ்டாண்டர்டு என்று நான் கேட்டதற்கு, எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுதான் என்றார்.

இயன்முறை மருத்துவராக நான் பார்க்கும் பிள்ளைகளின் கழுத்துவலிக்கும் முதுகுவலிக்கும் பெஞ்சு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். புத்தகப்பையும் கைப்பேசியும் விளையாடாத மாலைகளும் அதில் பங்கு கொள்கின்றன. ஆனாலும் ஒரு பிள்ளை நாளில் ஐந்தாறு மணிநேரம் உட்காரும் இடத்தை விசாரிக்காமல் வலிக்கு மருத்துவம் செய்வது அரைகுறை வேலை என்பதால், வகுப்பில் உட்காருவது போல் இங்கே உட்கார்ந்து காட்டு என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பலகை உயரமாக இருக்கும் வகுப்பிலிருந்து வரும் பிள்ளை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கால்விரலால் தரையைத் தேடும். கால் தொங்கினால் பலகையின் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும். அந்த அழுத்தம் தாங்காமல் பிள்ளை முன்னால் சரியும். சரிந்தபின் பின்னால் எவ்வளவு நல்ல சாய்மானம் இருந்தும் முதுகு அதைத் தொடாது. பலகை தாழ்ந்திருந்தால் முழங்கால் மேலேறி, இடுப்பு பின்னால் உருண்டு, முதுகு வில்லாக வளையும். டெஸ்க் உயரமாக இருந்தால் எழுதும்போது தோள் காதை நோக்கி ஏறும்; தாழ்ந்திருந்தால் தலை கவிழும்.

அளக்க ஒரு தையல் டேப் போதும். பள்ளிக்கு அணியும் ஷூவுடன் பிள்ளையை உட்காரவைத்து, பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்கும்போது முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை உள்ள உயரமே பலகையின் உயரம். ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தாலும் தவறில்லை, கூடத்தான் கூடாது. கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் அது நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே டெஸ்க் இருக்க வேண்டும். பலகையின் அகலம், பிள்ளை முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகும் முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளி விடுவதாக இருந்தால் சரி. உடற்கல்வி ஆசிரியர் ஒரு வகுப்பை இரண்டு பாடவேளைகளில் அளந்து முடித்துவிடலாம்.

அளந்து பார்த்தால்தான் வகுப்பு என்பது ஓர் அளவு அல்ல என்பது புரியும். எட்டாம் வகுப்பில் 135 செ.மீ. உயரமுள்ள பையனும் 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பது சாதாரணம். பள்ளி நாற்காலி, மேசைகளுக்கான ஐரோப்பாவின் ஈஎன் 1729 தரநிலை, வகுப்பைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்து அளவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தந்திருக்கிறது. மஞ்சள் குறியுள்ள நாற்காலி 35 செ.மீ., மேசை 59 செ.மீ.; சிவப்பு 38, 64; பச்சை 43, 71. நான் சொன்ன எட்டாம் வகுப்பில் இந்த மூன்று நிறங்களுக்கும் ஆள் இருக்கும். மூன்று அளவு வாங்க முடியாத பள்ளி இரண்டு அளவாவது வாங்கட்டும். பட்டறைக்காரருக்குப் பைப்பை வேறு நீளத்தில் அறுப்பது பெரிய வேலையல்ல.

உயரத்தைவிட அதிகம் கவனிக்கப்படாதது, பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே விடப்படும் இடைவெளி. எழுதும்போது பலகையின் முன்விளிம்பு டெஸ்க்கின் விளிம்புக்குச் சற்றே உள்ளே போயிருந்தால்தான் சாய்மானத்தை விடாமல் எழுத முடியும். ஆனால் நம் வகுப்பறையில் ஆசிரியர் நுழைந்தால் எழ வேண்டும், பதில் சொல்ல எழ வேண்டும், நடுவில் இருப்பவர் வெளியே போக ஓரத்தில் இருப்பவர் எழ வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே சட்டத்தில் வெல்டிங் செய்யும்போது, நிற்பதற்கான இடத்தைத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். சில நிமிடம் நிற்பதற்காக விட்ட இடத்தை நாள் முழுவதும் முதுகை வளைத்துப் பிள்ளைகள் நிரப்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மருத்துவர்கள் பள்ளி மேசையைப் பற்றி எழுதும்போது இந்த இடைவெளியைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். தனி நாற்காலியும் தனி மேசையும் இதற்கு நல்ல தீர்வு. இடமும் பணமும் அனுமதிக்காத பள்ளிகள், எழும்போது மடங்கிக்கொள்ளும் பலகை உள்ள பெஞ்சைக் கேட்டு வாங்கலாம்.

2025இல் தமிழ்நாட்டில் ‘ப’ வடிவில் அமர்த்தும் யோசனை பேசப்பட்டபோது, பக்கவாட்டில் இருப்பவர்கள் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டுமே என்ற கேள்வி எழுந்தது. கலந்துரையாடலுக்கு அந்த அமைப்பு நல்லது. கரும்பலகையைப் பார்த்து எழுதும் பாடவேளைக்குப் பொருந்தாது. பெஞ்சு எளிதில் நகர்த்தக்கூடியதாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். எழுதுபலகை பொருத்திய நாற்காலி வாங்குவோர் இடதுகைப் பிள்ளைகளை எண்ணிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குக் குறுக்குக் கம்பி இல்லாத மேசை ஒன்றாவது ஒவ்வொரு தளத்திலும் வேண்டும்.

அந்தத் தாளாளரிடம் மூன்றில் எதையும் நான் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. ஒரு மாதிரிப் பெஞ்சை வரவழைத்து, ஒரு வாரம் வகுப்பில் போட்டு, குட்டையான பிள்ளையையும் நெட்டையான பிள்ளையையும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்தபின் ஆர்டர் கொடுங்கள் என்றேன். பழைய பெஞ்சுகளைப் பற்றியும் கேட்டார். பலகை உயரமாக இருப்பவற்றில், டெஸ்க்கின் உயரம் பொருந்தினால், காலடியில் ஒரு மரப்பலகையை அடித்துக் கொடுத்தால் போதும். டெஸ்க்கும் உயரம் என்றால் சட்டத்தின் கால்களை அறுக்கலாம், அறுத்த முனைகளில் மறக்காமல் ரப்பர் புஷ் மாட்ட வேண்டும்.