‘வில்’லுக்கும் வினைக்கும் நடுவே

ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு, ஒப்பந்தம், விண்ணப்பம் இவற்றைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்கள் டென்ஸ் சரியா, ஸ்பெல்லிங் சரியா என்றுதான் கேட்பார்கள். வினையடை, அதாவது ஆல்சோ, ஆல்வேஸ் மாதிரி வினையோடு சேர்ந்து வரும் சொல், சரியான இடத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என் பேனா அதிகம் ஓடுவதோ அங்கேதான்.

இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ‘ஐ ஆல்சோ வில் கம்’ என்று எழுதுகிறவர் முதல் வகை. ‘ஐ வில் ஆல்சோ கம்’ என்று சரியாக எழுதிவிட்டு, வில், கேன், மே, மஸ்ட் போன்ற துணைவினைகளை முதன்மை வினையிலிருந்து பிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, அதைத் தானே கெடுத்துக்கொள்கிறவர் இரண்டாம் வகை. முதல் வகையைத் திருத்துவது சுலபம். இரண்டாமவர் கையில் ஒரு விதி இருக்கிறது, லேசில் விடமாட்டார்.

அந்த விதிக்கு அடிப்படையே கிடையாது. ஆங்கிலத்தில் பல வினையடைகள் இயல்பாக வந்து உட்காரும் இடமே துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்தான். ‘டு’ என்ற சொல்லையும் அதை அடுத்து வரும் வினையையும் பிரிக்கக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிடிவாதம் கிளம்பியது. அது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவி, ‘டு’ இல்லாத இடங்களையும் பிடித்துக்கொண்டது. ஆங்கில வழக்கு பற்றி 1926-இல் அகராதி போட்ட ஃபௌலரே இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் ஆய்வேட்டின் ஓரத்தில் சில வழிகாட்டிகள் இதைச் சுழித்து அனுப்புகிறார்கள்.

இப்படி ஒரே ஒரு வினையடை இடம் மாறியதால் ஒரு பதவிப் பிரமாணத்தையே மறுபடி எடுக்க வேண்டி வந்தது. 2009 ஜனவரி 20, வாஷிங்டன். அமெரிக்க அதிபராக ஒபாமா உறுதிமொழி எடுக்கிறார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கையில் தாள் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். மொத்தமே 35 சொற்கள். அரசியலமைப்பில் இருப்பது ‘ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’. ராபர்ட்ஸ் ‘ஐ வில் எக்ஸிக்யூட்’ என்று தொடங்கி, ‘ஃபெய்த்ஃபுல்லி’யை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஏதோ தவறியிருக்கிறது என்று ஒபாமா பாதியில் நிறுத்தினார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்தார், அதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒபாமாவும் அந்தச் சொல்லைக் கடைசியில் வைத்தே சொல்லி முடித்தார். எதற்கு வம்பு என்று, மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் மேப் ரூமில் இருவரும் நின்று முழுவதையும் மறுபடி சொன்னார்கள்.

வினையைப் பிரிக்கக் கூடாது என்ற பழக்கதோஷம்தான் நீதிபதியின் நாக்கைத் திருப்பிவிட்டது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அடுத்த சில நாட்களில் எழுதினார். அது அவருடைய ஊகம்தான். பதற்றத்தில் யாருக்கும் நாக்கு குழறும். ஆனால் திருத்தும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது. அதே பழக்கதோஷம் வாரம் தவறாமல் என் மேசைக்கு வருகிறது. நம் அரசியலமைப்பின் 60-ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்கான உறுதிமொழியிலும் ‘வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’ என்றுதான் இருக்கிறது. நடுவில் வைக்கலாமா என்று சந்தேகப்படுகிறவர்களிடம் நான் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

சரி, முதல் வகைக்கு வருவோம். தமிழில் முடியும், வேண்டும், லாம் எல்லாம் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த ஒட்டுக்குள் ‘வரத்தான் வேண்டும்’, ‘வரவே முடியாது’ என்று தான், ஏ, உம் மாதிரி ஏதாவது நுழையுமே தவிர, ‘எப்போதும்’, ‘நிச்சயமாக’ எல்லாம் நுழையாது. அவை முன்னாலேயே நின்றுவிடும். அதனால் நமக்கு ஆங்கிலத்தில் அந்த இடைவெளி கண்ணிலேயே படுவதில்லை. ‘நானும் வருவேன்’ என்பதில் ‘உம்’ நானோடு ஒட்டியிருப்பதால் ‘ஆல்சோ’வும் ‘ஐ’யோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்காக எல்லாவற்றையும் நடுவில் திணித்துவிடவும் கூடாது. ‘ஐ வில் டுமாரோ கம்’ தப்பு. நாளை, நேற்று போன்ற காலச் சொற்களுக்கு இடம் வாக்கியத்தின் கடைசி, அல்லது தொடக்கம்.

துணைவினை இரண்டு மூன்று வரிசையாக வந்தால் ஆல்வேஸ், நெவர், ஆல்சோ, ப்ராபப்ளி போன்றவை பெரும்பாலும் முதலாவதற்கு அடுத்து வரும்: ‘ஷுட் ஆல்வேஸ் பி செக்ட்’. ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் சொல் மட்டும் வினையை ஒட்டியே நிற்கும்: ‘மஸ்ட் பி ப்ராப்பர்லி எர்த்ட்’.

‘நாட்’ வந்தால்தான் இது வெறும் அழகு விஷயமாக இல்லாமல் போகிறது. ‘யூ ஜஸ்ட் காண்ட் லீவ்’ என்றால் நீ போகவே முடியாது. ‘யூ காண்ட் ஜஸ்ட் லீவ்’ என்றால் நீ பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது. சொல்லிவிட்டுப் போகலாம், வேலையை முடித்துவிட்டுப் போகலாம். ஒரு மருந்தைப் பற்றிய ஆய்வேட்டில் ‘மே ஆல்வேஸ் நாட் ஒர்க்’ என்று ஒரு வரி பார்த்தேன். மருந்து ஒருபோதும் வேலை செய்யாமல் போகலாம் என்று பொருள். எழுதியவர் சொல்ல வந்தது, சில நேரம் கேட்காமலும் போகலாம் என்பது. அதற்கு ‘மே நாட் ஆல்வேஸ் ஒர்க்’ என்றல்லவா இருக்க வேண்டும்? இரண்டு சொல் இடம் மாறி, நல்ல மருந்தை உதவாத மருந்தாக்கிவிட்டது. கணினியின் இலக்கணச் சோதனை அதில் கோடு போடவில்லை; இலக்கணப்படி அதுவும் வாக்கியம்தானே.

‘ப்ராபப்ளி’யிடம் ஒரு தனிக் குணம் உண்டு. ‘வில் ப்ராபப்ளி கம்’ என்று நடுவில் வரும் அதே சொல், மறுப்பு வந்ததும் வெளியே வந்துவிடும்: ‘ப்ராபப்ளி வோண்ட் கம்’. வினையைச் சொல்லாமல் துணைவினையோடு பதிலை முடித்தாலும் இதே கதைதான். வருகிறாயா என்று கேட்டால் ‘ஐ ப்ராபப்ளி வில்’. ‘ஐ வில் ப்ராபப்ளி’ என்று முடித்தால் கேட்கிறவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.

ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது ‘ஒன்லி’யை. வாடகை ஒப்பந்தத்தில் ‘ஷல் ஒன்லி யூஸ் த ப்ரெமிசஸ் ஃபார் ரெசிடென்ஸ்’ என்று இருந்தால் பேச்சுக்குப் பரவாயில்லை, யாருக்கும் புரியும். ஆனால் நடுவில் இருக்கும் ‘ஒன்லி’, பின்னால் வருகிற எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்: பயன்படுத்த மட்டுமா, இந்த இடத்தை மட்டுமா, குடியிருக்க மட்டுமா? நாளைக்குத் தகராறு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். ‘ஃபார் ரெசிடென்ஸ் ஒன்லி’ என்று கட்டுப்படுத்த வேண்டியதன் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவேன். நடுவில் வைப்பது தவறில்லை என்று இவ்வளவு நேரம் வாதாடிய நானே இங்கே மட்டும் கட்சி மாறுகிறேன். கையெழுத்துப் போடுகிற தாளில் ‘ஒன்லி’யை நம்பக் கூடாது.

அப்புறம், நம் அலுவலகங்களுக்கென்றே ஒரு நடுச்சொல் இருக்கிறது: ‘கைண்ட்லி’. ‘ஐ மே கைண்ட்லி பி கிராண்டட் லீவ்’, ‘த சேம் மே கைண்ட்லி பி அப்ரூவ்ட்’. சொல்லின் இடத்தில் தப்பே இல்லை; துணைவினைக்கு அடுத்து, முறைப்படி உட்கார்ந்திருக்கிறது. நம் கோப்புகளுக்குள் எல்லோருக்கும் புரியவும் செய்யும், அங்கே நான் கை வைப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகிற மின்னஞ்சலில் அந்த ‘மே’, விடுப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று ஆரூடம் சொல்வது போல இருக்கும். கேட்கிறோமா, சொல்கிறோமா என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது. அத்தகைய கடிதங்களில் ‘மே’யையும் ‘கைண்ட்லி’யையும் சேர்த்தே எடுத்துவிட்டு, ‘குட் யூ ப்ளீஸ் அப்ரூவ்’ என்று எழுதிக் கொடுக்கிறேன். ‘ப்ளீஸ்’ அங்கே ‘யூ’வுக்கும் வினைக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கடைசியில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம், இரண்டும் சரி.