வடம்வலியும் ஒரு ரக்பிக் கணக்கும்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓணம் வந்தால் வடம்வலியும் வந்துவிடும். வீட்டில் தமிழ் பேசும் எங்களுக்கும் அது வடம்வலிதான். கயிறு இழுக்கும் போட்டி என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எடை பார்த்து நடத்தும் போட்டிகளில் ஓர் அணியின் மொத்த எடை வரம்பைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எடை. அப்படியிருந்தும் ஓர் அணி மற்றதைத் தரதரவென்று இழுத்துப் போகிறதே, எப்படி?

கயிற்றின் இந்த முனையில் எவ்வளவு இழுவிசை உண்டோ, ஏறத்தாழ அதே அளவுதான் அந்த முனையிலும். ஆகவே ஜெயிப்பது கை அல்ல, கால். தரையை எவர் அதிக விசையுடன் உதைக்கிறாரோ அவர் பக்கம் வடம் நகரும். பின்னால் சாய்வது கயிறு நம்மைக் குப்புறக் கவிழ்க்காமல் இருப்பதற்காக. இதெல்லாம் தனி ஆளின் வித்தை. ஆள் சேரச் சேரத்தான் சிக்கல்.

ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்த விசைகளின் கூட்டுத்தொகையில் பாதியளவே கிடைத்தது! ஒருவர் மூச்சை இழுக்கும்போது இன்னொருவர் உதைக்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் வெட்கக்கேடானது. 1974இல் நடந்த ஒரு சோதனையில் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் யாரும் இழுக்கவில்லை. அப்போதும் முன்னால் நின்றவரின் முயற்சி குறைந்தது.

ரக்பியிலும் இதே எட்டுப் பேர்தான். பதினைந்து பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் மூன்று வரிசையாகத் தோள் கோத்து எதிரணி எட்டுப் பேரைத் தள்ளுவதை ஸ்க்ரம் என்கிறார்கள். வடம்வலியைத் திருப்பிப் போட்டால் ஸ்க்ரம். உயர்நிலை அணியின் தொடர் தள்ளல் 8,000 நியூட்டன் அளவுக்குப் போகும். தோராயமாக 800 கிலோ பாரம். முதுகு நேராக, முழங்கால் மடங்கி, எட்டு உதையும் ஒரே நொடியில் விழவேண்டும்.

ரக்பியில் இன்னும் வளர்ந்துவரும் நாடுகள் அடிவாங்குவது இங்கேதான். ஆள் சிறியவர்கள் என்பது சோம்பேறித்தனமான விளக்கம். அவர்களில் பலர் வெவ்வேறு நாட்டு கிளப்களில் ஆடுகிறார்கள். ஒரு தொடருக்குச் சற்று முன்புதான் சந்திக்கிறார்கள். அதற்குள் எட்டு உடம்பு ஒரு உடம்பாகுமா?

ஜப்பானைப் பாருங்கள். 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் 17–145 என்று தோற்ற அணி அது. 2015 உலகக் கோப்பைக்காகப் பயிற்சியாளர் எட்டி ஜோன்ஸ் வீரர்களை நீண்ட முகாம்களில் சேர்த்துவைத்து, விடியற்காலையிலேயே பயிற்சியைத் தொடங்கினார். ஸ்க்ரமுக்கென்றே மார்க் டால் மாசோ என்ற முன்னாள் பிரெஞ்சு வீரர் வந்தார். உயரத்தில் ஈடுகொடுக்க முடியாததால், எதிரியைவிடத் தாழ்வாக இறங்கித் தள்ளப் பழக்கினார்கள். பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 29–32 என்று பின்தங்கியிருந்த கடைசி நிமிடங்களில், பந்தை உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்யும் வாய்ப்பு ஜப்பானுக்குக் கிடைத்தது. அவர்கள் ஸ்க்ரம் கேட்டார்கள்! எதிரணியில் ஒருவர் மஞ்சள் அட்டை பெற்று வெளியே இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். 34–32 என்று வென்றார்கள்.

ஆனால் முகாம் மட்டும் போதாது. களைத்துப்போன எழுபதாவது நிமிடத்தில் உருப்படியாக முடிவெடுக்க, தன்னைவிடப் பலமான அணியிடம் அடிக்கடி மாட்டிக்கொள்ளவேண்டும். எங்கள் ஊர் அணியும் உள்ளூர்ப் போட்டிகளில் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தவரை, வெளியூர்க்காரர்கள் தாளத்தை மாற்றியதும் நிலைகுலைந்துதான் போனது.

பலமான அணிகளோடு அடிக்கடி மோதும் வாய்ப்பு கேட்டுக் கிடைப்பதில்லை. ஜார்ஜியாவில் ரக்பிக்கு முன்பே லேலோ என்ற நாட்டுப்புற ஆட்டம் உண்டு. மண் அடைத்த, 16 கிலோ எடையுள்ள பந்துக்காக இரு ஊரார் முட்டித் தள்ளுவார்கள். அங்கே வளர்ந்த முன்வரிசை வீரர்களைப் பிரெஞ்சு கிளப்கள் தேடிப்பிடிக்கின்றன. 2022இல் கார்டிஃப் நகருக்கே போய் வேல்ஸை 13–12 என்று வீழ்த்தினார்கள். ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் அவர்களுக்கு இடமில்லை. அதில் கடைசியில் வந்தவர் வெளியேற வேண்டியதில்லை, வெளியே இருப்பவர் வென்று நுழையவும் வழியில்லை. கடைசியாக அங்கே புது நாடாகச் சேர்ந்தது இத்தாலி, 2000இல்.