வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் புதுப்பிப்பும்: சிங்கப்பூரில் ஃப்ரீலான்ஸ் செய்வோர் தெரிந்திருக்க வேண்டியவை

துணைப்பாட நிலையத்தில் பாடம் நடத்துபவர், கல்யாணப் படம் எடுப்பவர், மொழிபெயர்ப்பாளர், ஒலியமைப்பாளர் எனப் பலருக்கு வேலை ஒரு தொலைபேசி அழைப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அது சட்டப்படி செல்லும். என்ன வேலை, எவ்வளவு பணம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்டால், கையெழுத்து இல்லாமலேயே ஒப்பந்தம் உண்டு. ஒத்துக்கொண்டதை நிரூபிப்பதுதான் பாடு.

ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. பேசிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முடியாத ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எதிர்த்தரப்பின் கையெழுத்தும் வேண்டும் என்கிறது சிவில் சட்டத்தின் 6ஆம் பிரிவு. நவம்பரில் நிலையத்தார் கூப்பிட்டு, "ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் நீங்கதான் வகுப்பு எடுக்கணும்" என்கிறார். கேட்க ஓராண்டு வேலைபோல இருந்தாலும், பேசிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஓராண்டைத் தாண்டுகிறது. இடையில் நிறுத்திவிட்டால், மீதி மாதங்களுக்கு வழக்காடுவது கடினம். எடுத்து முடித்த வகுப்புகளுக்கான பணத்தை மட்டும் கேட்கலாம்.

புதுப்பிப்பு தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை கொடுத்தவரும் ஆறாம் ஆண்டு வேண்டாம் என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் காரணம் சொல்லவும் தேவையில்லை. "அடுத்த வருஷமும் பார்த்துக்கலாம்" என்பதில் கட்டணமும் இல்லை, காலமும் இல்லை. அதை நம்பி வேறு வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். கெடு முடிந்த பிறகும் இரு தரப்பும் பேசாமல் வேலையைத் தொடர்ந்தால், பழைய நிபந்தனைகளே நீடிப்பதாகக் கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். கட்டண உயர்வு கேட்டு, பதில் வராமலே வேலையைத் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பின் மௌனம் பொதுவாகச் சம்மதம் ஆகாது. பதில் வந்த பிறகு தொடங்குங்கள்.

எழுத்து ஒப்பந்தத்தில் "மாற்றங்கள் எழுத்தில் மட்டுமே" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால், வாய்வழி மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்ற அனுமானம் எழும், ஆனால் ஆதாரம் காட்டி அதை முறியடிக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் கருத்துத் தெரிவித்தது. ஆதாரம் காட்ட வேண்டியவர் நீங்கள்.

அந்த ஆதாரத்தை அன்றைக்கே உருவாக்கிவிடலாம். அழைப்பு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி ஜனவரி 10 முதல் மார்ச் 28 வரை, சனிக்கிழமைதோறும் காலை 10 முதல் 12 வரை வகுப்பு. வகுப்புக்கு 90 வெள்ளி. பில் அனுப்பி 14 நாளில் பணம். ரத்து செய்வதானால் 7 நாள் முன்னறிவிப்பு. புதுப்பிப்பது பற்றி பிப்ரவரி 28க்குள் முடிவு. சரியா என்று எழுதி அனுப்புங்கள்." கட்டைவிரல் படத்தோடு விட்டுவிடாமல் "சரி" என்ற எழுத்துப் பதிலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசி மாற்றும்போது உரையாடல் தொலைந்துபோகும். உடனே மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

யாரோடு ஒப்பந்தம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். பேசியவர் மேலாளர், பணம் தர வேண்டியது நிறுவனம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினால் பதிவுப் பெயரும் யூஇஎன் எனப்படும் பதிவு எண்ணும் கிடைக்கும். பில்லை அந்தப் பெயருக்கே போடுங்கள். சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் செய்வதற்கு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலையும் தரப்பினரின் பெயர், வேலை, கட்டணம், பணம் தரும் நாள், மாற்றும் முறை, பூசலைத் தீர்க்கும் வழி ஆகியவற்றை எழுத்தில் கேட்கிறது. அது சட்டமில்லை, ஏற்றுக்கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும்.

நேரத்தையும் முறையையும் நிறுவனமே கட்டுப்படுத்தி, கருவிகளையும் அதுவே தந்தால், தாளில் ஃப்ரீலான்ஸ் என்று போட்டிருந்தாலும் நீங்கள் உண்மையில் ஊழியராக இருக்கலாம். அப்படியானால் வேலை நியமனச் சட்டம் பொருந்தும், வழியும் வேறு. வேலையிலிருந்து நின்ற 6 மாதத்துக்குள் சம்பளக் கோரிக்கையைப் பதிய வேண்டும். வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் பக்க வேலையாக ஃப்ரீலான்ஸ் செய்ய அனுமதி கிடையாது.

பணம் வரவில்லையா? முதலில் கெடு குறித்து எழுத்தில் நினைவூட்டுங்கள். அடுத்து, பூசல்களைத் தீர்க்க உதவும், டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசம் கேட்கலாம். அதற்கு எதிர்த்தரப்பும் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை கோரலாம். வழக்கறிஞர் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். தொகை வரம்பைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்தும் பதியலாம், ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரிக்க முடியாது. கோரிக்கை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பணம் தர வேண்டிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.