ஆன்டிசோஷியல் என்றால் கூச்சமா, ரவுடித்தனமா?

கூட்டம் பிடிக்காதவர்கள் எல்லாம் "நான் கொஞ்சம் ஆன்டிசோஷியல்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். போகட்டும், பேச்சுவழக்கு. ஆனால் ஒரு மனநலக் கட்டுரையே ஆன்டிசோஷியல் பர்சனாலிட்டி டிசார்டரை 'சமூக விலகல் ஆளுமைக் கோளாறு' என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

'ஆன்டி' கிரேக்கம், எதிர் என்று பொருள். 'சோஷியல்' லத்தீன், தோழனைக் குறிக்கும் சோசியஸிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தி வெளியிடும் டிஎஸ்எம் கையேட்டில் 1980-இல் இந்தப் பெயர் நிலைபெற்றது. பிறர் உரிமையை மதிக்காமல் மீறுவதே ஒருவரின் நெடுநாள் இயல்பாக இருப்பதுதான் இதன் சாரம். ஏமாற்று, பொறுப்பின்மை, செய்த தீங்குக்கு வருந்தாமை என ஏழு அடையாளங்களில் குறைந்தது மூன்று வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். 15-க்கு முன்பே நடத்தைக் கோளாறு தெரிந்திருக்கவும் வேண்டும். இவர்களில் பலர் நன்றாகப் பழகுவார்கள், பேசியே மயக்குவார்கள். இதில் விலகல் எங்கே வந்தது?

சரி, 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்ற பரவலான பெயர்? 'விரோதம்' வடசொல் என்பதல்ல என் புகார். 'சமூக விரோதி' ஏற்கெனவே காவல்துறைக்கும் செய்தித்தாளுக்கும் சொந்தமான சொல். கேட்டதும் பேருந்துக்குத் தீ வைப்பவன்தான் கண்முன் வருகிறான். காவல் நிலையப் படியே மிதிக்காமல் மனைவியின் சேமிப்பைச் சுருட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனை அந்தச் சொல் காட்டுமா? குற்றம் செய்தவர் எல்லாருக்கும் இக்கோளாறு உண்டு என்றும் நினைக்க வைக்கும். அப்புறம் 'சமூக எதிர்ப்பு ஆளுமை' என்கிறவர்கள். தமிழில் எதிர்ப்பு மதிப்புள்ள சொல். ஆளுமையோ மேடையில் சூட்டும் பட்டம். இரண்டும் சேர்ந்தால் ஏதோ சீர்திருத்தவாதிக்குப் பாராட்டு விழா நடப்பது போலிருக்கிறது!

'பிறரை மதியா ஆளுமைக் கோளாறு' என்பதே என் தேர்வு. 'மதியாதார்' பழமொழியிலேயே இருக்கிற சொல். இங்கே தீங்கு சமூகம் என்ற பெரிய பொதுப்பொருளுக்கு அல்ல, எதிரே நிற்கும் ஆளுக்கு; அதை 'பிறர்' சொல்லிவிடுகிறது. ஆன்டி என்றால் எதிர், சோஷியல் என்றால் சமூகம் என்று அகராதியைப் பிரித்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் நோயின் விவரத்தை ஒரு பக்கமாவது படித்திருந்தால், 'விலகல்' அச்சுக்கே போயிருக்காது.