பையின் காது ஏன் அறுந்து போகிறது?

துணிப்பை கிழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் கிழிந்தது என்று சொல்பவர் அபூர்வம். காது பிய்ந்திருக்கும், இல்லையென்றால் அடிமூலையில் தையல் விட்டிருக்கும். துணி புதுசு போலவே இருக்கும், பை மட்டும் உதவாது. பை தைக்கப் பழகுகிறவர்கள் முதலில் கனமான துணியைத்தான் தேடுகிறார்கள். ஆனால் மெல்லிய காடாத் துணியில் யோசித்துத் தைத்த பை, ஜீன்ஸ் துணியில் ஏனோதானோ என்று தைத்த பையைவிட அதிக நாள் உழைக்கும். பைக்குள் இருக்கும் எடை எந்த வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் இதில் முக்கியம். அந்த வழியில் எங்கேயாவது எடை ஒரே புள்ளியில் குவிந்தால், அங்கே பை விட்டுப் போகும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கப்புறம் வீட்டு மிஷினைத் தூசி தட்டிப் பை தைக்க உட்கார்ந்தவர்கள் நிறைய. சேலத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குத் துணி தேடி அலைய வேண்டியதில்லை. அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று எந்தப் பக்கம் போனாலும் தறி ஓடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். உழவர் சந்தையில் 5 கிலோ காய்கறி வாங்கிப் பையில் போடுகிறோம். பைக்கு இரண்டு காது, அவற்றுக்கு நான்கு முனை. ஒவ்வொரு முனைக்கும் 1.25 கிலோ பங்கு வரும். இது பை அசையாமல் தொங்கும்போது உள்ள நிலை. ஒரு காது கையிலிருந்து நழுவினால் மிச்சமுள்ள இரண்டு முனைகள் ஆளுக்கு 2.5 கிலோவைச் சுமக்க வேண்டும். அதே நேரத்தில் பையை வெடுக்கென்று தூக்கினால் அதுவும் இரட்டிப்பாகும். மெதுவாக ஏறாமல் திடீரென்று ஏறும் சுமை, சும்மா தொங்கும் சுமையைப்போல் இரண்டு மடங்கு வரை இழுக்கும் என்பது இயற்பியல் பாடத்தில் வரும் கணக்கு. அப்படியானால் ஒரு முனைக்கு 5 கிலோ. ஏற்காடு பஸ்ஸில் கம்பியில் மாட்டிய பை, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்படித்தான் மாறி மாறி இழுபடுகிறது.

சாதாரண பாலியஸ்டர் தையல் நூல் ஒற்றை இழையாகவே ஏறக்குறைய ஒரு கிலோ தாங்கும். ஒரு அங்குல அகலத்தில் 3 மில்லிமீட்டர் தையலாகப் போட்டால் எட்டுத் தையல் விழும். எட்டும் சேர்ந்து இழுத்தால் 5 கிலோ ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை, அவை சேர்ந்து இழுப்பதில்லை.

காதின் முனையைப் பையின் வாயோரத்தில் வைத்து, ஒரே ஒரு கோடு தைத்தால் என்ன ஆகிறது? காது நேராக மேலே இழுக்கும்வரை எட்டுத் தையலும் பங்கு போடும். ஆனால் பை தோளில் தொங்கும்போது காது சாய்ந்துதான் இழுக்கும். அப்போது ஒரு ஓரத்துத் தையல் முதலில் இறுகும், மற்றவை சும்மா இருக்கும். அது அறுந்ததும் முழு எடையும் அடுத்த தையலுக்குப் போகும். அது போனதும் அதற்கடுத்தது. நாம் கேட்கும் அந்த ‘டர்ர்’ சத்தம், ஒன்றன்பின் ஒன்றாகத் தையல் விடுவதுதான்.

கோட்டை மேலிருந்து கீழாக நீட்டித் தைத்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. இழுவிசை மேல் முனையிலிருந்து வருவதால், மேலே உள்ள சில தையல்கள்தான் பெரும்பங்கைச் சுமக்கின்றன. நடுவில் உள்ளவற்றுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அதனால்தான் காது வைக்கும் இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் குறுக்காகப் பெருக்கல் குறி தைக்கிறார்கள். இது அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டத்தின் மேல்கோடு இழுப்பை அகலவாக்கில் பரப்புகிறது, பக்கக் கோடுகள் அதைக் கீழே கடத்துகின்றன, குறுக்குக் கோடுகள் காது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து இழுப்பை வாங்கிக்கொள்கின்றன. தையலைத் தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் கட்டத்தின் கீழ்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நூல் முனைதான் தையலில் பலவீனமான இடம். அதிக இழுப்பு வரும் மேல் மூலையில் அதைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

கட்டத்துக்குப் பின்னால், பையின் உள்பக்கம், ஒரு துண்டுத் துணியைக் கட்டாயம் சேர்த்துத் தையுங்கள். தையல் நின்று துணி கிழிகிறதே, அதற்கு மருந்து இதுதான். ஊசி குத்திய துளைகளுக்கு நடுவில் இருக்கும் சில இழைகள் மட்டும் சுமந்த எடையை, உள்துண்டு இன்னும் பல இழைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. தையலைப் பொடிப்பொடியாகப் போட்டால் உறுதி கூடும் என்று நினைப்பதும் இந்த இடத்தில் கெடுதல்தான். நெருங்க நெருங்கத் துளைகள்தான் கூடும். பைக்கு 3 மில்லிமீட்டர் நீளம் போதும்.

இனி அந்தத் தையலையே கிட்டத்தில் பார்ப்போம். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான பக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் ஒரே மூச்சில் கழன்று வந்துவிடும். அது ஒரே நூல் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போகும் சங்கிலித் தையல். வீட்டு மிஷின் போடும் தையல் அப்படிக் கழலாது, ஏனென்றால் அதில் இரண்டு நூல். மேல்நூலும், அடியில் பாபின் என்னும் சின்ன உருளையில் சுற்றியிருக்கும் நூலும் ஒவ்வொரு துளையிலும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு துணியின் கனத்துக்குள்ளேயே பூட்டிக்கொள்கின்றன.

அந்தப் பூட்டு விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். பாபினை மூடியிருக்கும் தகட்டை நகர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி துணியைக் குத்திக் கீழே இறங்கும். அடிவரை போய்விட்டு, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறும். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஒன்று ஓடும். அந்தப் பக்கத்து நூல் பள்ளத்துக்குள் பதுங்கி ஊசியோடு வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். மறுபக்கத்தில் அந்த நீளப் பள்ளம் கிடையாது. அங்கே உள்ள நூல் துணியில் உரசி நின்றுபோய், ஏற வழியில்லாமல் வெளியே புடைத்துச் சின்னக் கண்ணியாக விரியும். சரியாக அந்த நொடியில் ஷட்டிலின், அதாவது பாபினைச் சுற்றியுள்ள கொக்கியின், கூர்முனை வந்து கண்ணிக்குள் நுழையும். நூலை இழுத்து அகட்டி, பாபின் கேஸின் மேலாகத் தாண்டவைத்து விட்டுவிடும். மிஷினின் மேலே உள்ள நெம்புகோல் நூலைச் சரக்கென்று தூக்கும். பூட்டு விழுந்தது.

துளையை ஊசியின் கூர்முனைப் பக்கம் வைத்ததும், இரண்டாவது நூலைக் கீழே வைத்ததும்தான் பெரிய கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் தம்முடைய மிஷினுக்குப் பெற்றார். இன்றைக்கும் உங்கள் வீட்டு மிஷினுக்குள் நடப்பது அதே கண்ணிதான்.

கண்ணி எப்படி விழுகிறது என்று தெரிந்தால், கனமான துணியில் தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது என்பதும் புரிந்துவிடும். ஜீன்ஸ் துணியில் பக்கத் தையல் நான்கு மடிப்பாகக் கனத்து நிற்கும் மேட்டில் ஏறும்போது மிஷினின் கால் சாய்ந்துவிடுகிறது. துணியை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. ஊசி மேலே வரும்போது துணியும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பும். நூல் உரசி நின்றால்தானே கண்ணி விரியும்? துணியே கூட வந்துவிட்டால் கண்ணி விரியாது, ஷட்டில் வெறுங்கையோடு திரும்பிவிடும். அந்த மேட்டின் உயரத்துக்கு ஒரு துணித்துண்டை மடித்துக் காலின் பின்பக்கம் செருகிவிட்டால் கால் சமமாக நிற்கும், தையலும் ஒழுங்காக விழும். ஊசியும் 16-ஆம் நம்பராக இருக்கட்டும். அது 1 மில்லிமீட்டர் கனம், கெட்டித் துணியில் வளையாது.

டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு துண்டுத் துணியை மூலைவாட்டமாக மடித்து ஒரு கோடு தைத்து, இரண்டு முனையையும் பிடித்து நூல் அறும்வரை இழுங்கள். மேலும் கீழும் ஒரே நூல் போட்டிருந்தால், எந்த நூல் முதலில் அறுகிறதோ அந்தப் பக்கம் டென்ஷன் அதிகம். மேல்நூல் அறுந்தால் மேலே தளர்த்துங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தபிறகே நான் புதுப் பையில் கை வைப்பேன்.

காதுக்குத் துணி வெட்டும் திசையும் எடையைப் பொறுத்தவரை சின்ன விஷயமில்லை. அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பத்து அக்கா ஒருவர், நான் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, “பாவு ஓடற பக்கமா வெட்டு கண்ணு, காது நீளாது” என்றார். அறிவியலும் அதையேதான் சொல்கிறது. பாவு நூல் தறியில் நீளவாக்கில் விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது. பெரும்பாலும் முறுக்கும் கூடுதல். அதனால் அந்தத் திசையில் துணி அதிகம் நீளாது. குறுக்கே ஓடும் ஊடைப் பக்கம் கொஞ்சம் நீளும். மூலைவாட்டமாக, கிராஸாக வெட்டினால் கதையே வேறு. அங்கே இழுக்கும்போது நூல் எதுவும் நீள்வதில்லை. சதுரமாக நிற்கும் கட்டங்கள் சாய்ந்து சாய்சதுரமாகிவிடுகின்றன, துணி தாராளமாக நீள்கிறது. வளைந்த ஓரத்துக்குப் பட்டி வைக்க அந்தக் குணம் மிகவும் உதவும். காதுக்கு அது ஆகாது.

அடிமூலைக்கு வருவோம். இரண்டு தட்டைத் துணியை ஒன்றாக வைத்து மூன்று பக்கம் தைத்தால் பைதான், ஆனால் பொருள் போட்டதும் பக்கவாட்டில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். நீளாத தட்டைத் துணியை உருண்டையாக வளைக்கக் கேட்கிறோம், அது மடிந்துதான் இடம் கொடுக்கும். அந்த மடிப்புகள் வந்து முடியும் இடம் இரண்டு அடிமூலைகள். தேங்காய் போட்டால் அது போய் உட்காருவதும் அங்கேதான். பையைத் திருப்பிப் போட்டு, மூலையைப் பிரித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி முக்கோணமாக வைத்து, நுனியிலிருந்து 2 அங்குலம் தள்ளிக் குறுக்காகத் தையுங்கள். 4 அங்குல அகலத்தில் சமமான அடி கிடைக்கும். நுனியிலிருந்து எத்தனை தள்ளுகிறோமோ, அதற்கு இரட்டிப்பு அகலம். எடை இப்போது கூர்மூலையில் விழாமல் ஒரு பரப்பில் உட்காரும்.

பர்ஸ் தைக்கிறவர்களின் கவலை எடையல்ல, விறைப்பு. துணிக்கு நடுவே பக்ரம் என்னும் விறைப்புத் துணியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுகிறோமே, அதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு துணியைச் சும்மா அடுக்கி வைத்தால், வளைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விறைப்பு இரண்டு மடங்குதான் ஆகும். அதே இரண்டையும் முழுப் பரப்பிலும் ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது, விறைப்பு எட்டு மடங்கை நெருங்கும். கனம் இரட்டித்தால் விறைப்பு அதன் மூன்றாம் அடுக்காக (2 × 2 × 2 = 8) கூடும் என்பதே காரணம். பக்ரத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பசைப் பொட்டுகள் சூட்டில் உருகி நூலிழைகளுக்கு நடுவே புகுந்து, ஆறியதும் இறுகிவிடுகின்றன. அதனால் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஓட்டக் கூடாது. ஓரிடத்தில் சில நொடி அழுத்தி வைத்து, எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும், ஆறும்வரை வளைக்காமல் விட வேண்டும். குமிழ் விட்டு ஒட்டிய இடத்தில் அந்த எட்டு மடங்கு கிடைக்காது.

ஜிப்பைப் பற்றி ஒன்று மட்டும். ரன்னர் போனபிறகு பின்னால் பல் திறந்துகொண்டால், பெரும்பாலும் பல்லில் குறை இருக்காது. ரன்னரின் வாய் அகன்றுபோய், பற்களை நெருக்கி மாட்டும் அளவுக்கு அழுத்தம் தர முடியாமல் இருக்கும். குறட்டால் இரண்டு ஓரத்தையும் லேசாக நெருக்கினால் போதும்.

கடைசியாக, வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. கைத்தறியோ பவர்லூமோ, பாவு நூல் தறியில் ஓயாமல் உரசுவதால் அறுந்துவிடாமல் இருக்க முதலில் கஞ்சி போடுகிறார்கள். சேலத்துக் குச்சிக்கிழங்கு ஜவ்வரிசியாக மட்டும் போவதில்லை. அதே கிழங்கு மாவு இந்தக் கஞ்சிக்கும் பயன்படுகிறது. வெளுக்காத காடாத் துணி விறைப்பாக இருப்பது இதனால்தான். நனைத்ததும் இரண்டு மாற்றம் நடக்கும். கஞ்சி கரைந்து போகும். தறியில் விறைத்து நின்ற நூல் தளர்ந்து, தண்ணீரில் பருத்து, நெளிந்துகொள்ளும், அதனால் துணி சுருங்கும். சுருக்கம் அதிகமாகத் தெரிவது பாவுப் பக்கம். துவைக்காத காடாவுக்குச் சுருங்காத பாலியஸ்டர் லைனிங் கொடுத்துத் தைத்துவிட்டால், முதல் துவையலிலேயே வெளித்துணி சுருங்கி உள்துணி தொளதொளவென்று தொங்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் கஞ்சியைப் போக்காமல் விடவே கூடாது. சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஈரத்தில் பருத்தி நூலின் பலம் குறையாது, உண்மையில் கொஞ்சம் கூடவே செய்யும். கெடுப்பது பூஞ்சை. அதற்கு முதல் சாப்பாடு துணியில் மிச்சமிருக்கும் மாவு, அது தீர்ந்தபின் பருத்தி. கறுப்புப் புள்ளி விழுந்த பை இழுத்தால் கிழிவது அதனால்தான். துணியை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் அலசி, நன்றாகக் காயவைத்துத் தையுங்கள். காதுக்குப் பாலியஸ்டர் நூல் போடுங்கள். பையை அலமாரியில் மடித்து அடைக்காமல் காற்றுப்படும் இடத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி.