வெறும் வயிற்றில் எங்கிருந்து வந்தது சர்க்கரை?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 57 வயது, ஒரு ஏக்கர் தேயிலை. வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்குவதும் இலை மூட்டையோடு ஏறுவதுமாக நாளெல்லாம் நடைதான். எடை 64 கிலோ, கொஞ்சம் தொப்பை. மூன்று வருடமாகச் சர்க்கரை. "ராத்திரி ஏழு மணிக்கே இரண்டு சப்பாத்தியோடு படுத்துவிடுகிறார் சார். காலையில் பார்த்தால் 160. சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வருகிறது? எடையைக் குறைத்தால் சரியாகும் என்கிறார்கள். இவர் உடம்பில் குறைக்க என்ன இருக்கிறது?"

இரண்டு கேள்விக்கும் பதில் கல்லீரலில் இருக்கிறது.

கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, அது ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸைச் செல்களுக்குள் அனுப்புகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கல்லீரலும் சர்க்கரை தயாரிக்கிறது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை, அதற்கு இரவெல்லாம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சமும், புதிதாகச் செய்து கொஞ்சமும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது இன்சுலின். அதனால்தான் நோயில்லாதவருக்குக் காலையில் 100-க்குள் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு உத்தரவு போடுகிறது. ஒன்று, "போதும், சர்க்கரை விடுவதைக் குறை." இன்னொன்று, "மிச்சமிருப்பதைக் கொழுப்பாக்கி வை." கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர முதல் உத்தரவு எடுபடாமல் போகிறது. டைஅசைல்கிளிசரால் என்ற இடைநிலைக் கொழுப்பு இன்சுலின் ஏற்பியை மந்தமாக்குகிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விசித்திரம் என்னவென்றால், இரண்டாவது உத்தரவு மட்டும் தடையில்லாமல் நிறைவேறிக்கொண்டிருக்கும். சர்க்கரை கூடுகிறது என்று கணையம் இன்னும் இன்சுலின் விடும். கல்லீரல் அதைக் கேட்டு இன்னும் கொழுப்பு செய்யும். கொழுப்பு கூடியதால் முதல் உத்தரவு இன்னும் எடுபடாது. சர்க்கரை இன்னும் கூடும். யாருமே தப்பு செய்யவில்லை, எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் காலையில் 160.

கதை அங்கே முடிவதில்லை. நிரம்பிய கல்லீரல் கொழுப்பை ரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. தோலுக்கடியில் இடமிருந்தால் அங்கே போய்விடும், பெரிய தொந்தரவில்லை. இடமில்லாவிட்டால் கணையத்துக்குள்ளும் புகும். அங்கே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கொழுப்பில் சிக்கித் தங்கள் வேலையை மறந்துவிடுகின்றன. நோயின் ஆரம்ப வருடங்களில் இந்த செல்கள் எல்லாமே செத்துப்போவதில்லை, பல முடங்கித்தான் கிடக்கின்றன. நோயைத் திருப்ப முடியும் என்ற நம்பிக்கையே இதை வைத்துத்தான்.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2008-ல் இதை 'இரட்டைச் சுழல்' என்று பெயரிட்டு எழுதினார். ஒரு சுழல் கல்லீரலில், ஒன்று கணையத்தில். 2011-ல் 11 பேரை வைத்துச் சோதித்துக் காட்டினார். நாளுக்கு வெறும் 600 கலோரி, எட்டு வாரம். முதல் வாரம் முடிவதற்குள் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது, காலைச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்துவிட்டது. கணையத்துக்கு மட்டும் எட்டு வாரமும் தேவைப்பட்டது. அங்கே மாட்டியிருக்கும் உபரிக் கொழுப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த ஒரு கிராமை எடுக்க உடம்பு முழுக்கக் கிலோ கணக்கில் இறக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

அடுத்தது டைரெக்ட் ஆய்வு. ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் சாதாரண குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளிலேயே 306 பேரை வைத்து நடந்தது. எல்லோருமே நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் தினம் 850 கலோரி அளவில் திரவ உணவு, பிறகு மெல்ல மெல்லச் சாப்பாடு. 2017-ல் முடிவு வந்தது. ஓராண்டில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது.

15 கிலோவா? 64 கிலோக்காரர் எங்கே போவார்? இங்கே புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கின் ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். 2004-ல் லான்செட் இதழில் அவரும் பிரிட்டிஷ் நண்பர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் ஒல்லி இப்படித்தான். தோலுக்கடியில் கிடங்கு சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும், மிச்சம் உள்ளே போய்விடும். தராசு முள்ளைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, இடுப்பு அளவைப் பாருங்கள்.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. பிஎம்ஐ 27-க்குக் கீழே இருந்த 20 நோயாளிகளிடம் டெய்லர் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில் 14 பேருக்கு நோய் தணிந்தது. எடையில் சுமார் 6.5 சதவீதம் இறங்கியபோதே தணிந்துவிட்டது. வாசகியின் அப்பாவுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4 கிலோ. அது தொப்பையிலேயே இருக்கிறது.

சரி, நாளெல்லாம் நடக்கிறாரே, அதற்குப் பலனில்லையா? எடை இறங்குவதற்கு என்று பார்த்தால் நடையின் பங்கு கொஞ்சம்தான். 64 கிலோ உடம்பு 200 மீட்டர் உயரம் ஏறச் செலவாவது சுமார் 120 கலோரி. மேலே வந்து டீக்கடையில் இரண்டு வர்க்கி கடித்தால் அது போயே போச்சு, டீயில் போட்ட சர்க்கரை தனி.

ஆனால் சர்க்கரைக்கு நடை வேறு வழியில் உதவுகிறது. தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே குளுட்-4 என்ற புரதம் செல்லின் விளிம்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. தசை வாங்கிக்கொண்ட சர்க்கரை கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாவதில்லை. அதிலும் நம் மலைக்கென்றே செய்தது போல் ஓர் ஆய்வு ஆஸ்திரியாவில் நடந்தது. சர்க்கரை நோய் இல்லாத 45 பேர், இரண்டு மாதம் மலை ஏறிவிட்டுக் கேபிள் காரில் இறங்கினார்கள். இன்னொரு இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கினார்கள். ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது. இறங்கியபோதோ, குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் கூடியது! பழனியில் விஞ்சில் ஏறிப் படியில் இறங்குபவரைச் சோம்பேறி என்று இனி சொல்ல முடியாது.

மேட்டுப்பாளையம் சாலையில் கியரைக் குறைத்து இறங்கும் லாரியைப் போல, இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. மூச்சு வாங்காது, தசைக்கு மட்டும் நல்ல வேலை. பழக்கமில்லாதவர் முதல் நாளே அதிகம் இறங்கினால் தொடை கடுத்து, இரண்டு நாள் இன்சுலின் வேலை மட்டுப்படும். பழகப் பழகத்தான் லாபம். முட்டிவலிக்காரர்கள் விட்டுவிடலாம்.

குன்னூர் ஊட்டி சாலையில் "சர்க்கரை நோய்க்கு மலைத்தேன்" என்று எழுதி வைத்து விற்கிறார்கள். தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரைதான். அதிலுள்ள ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கையாள்வது அதே கல்லீரல். நிரம்பி வழியும் இடத்துக்கு இன்னொரு கரண்டி. சிறுகுறிஞ்சானை மென்றால் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பு தெரியாது, அது உண்மை. அந்த நேரத்தில் டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தால் சரி.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. இவ்வளவு பேர் இருந்தும், சாமையும் ராகிக் களியும் அவரையும் தின்று வளர்ந்து ரேஷன் அரிசிக்கு மாறிய நம் மலை ஊர்களில், எதைக் குறைத்தால் கல்லீரல் எவ்வளவு காலியாகிறது என்று அளந்து பார்க்கப் பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குறைவாகச் சாப்பிடு என்பதை யாரும் டப்பாவில் அடைத்து விற்க முடியாது அல்லவா.

கடைசியாக வாசகிக்கு. சாப்பாட்டை இப்படிக் குறைப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்பா கிளிமெபிரைடு போன்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், குறைந்த சாப்பாட்டோடு அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு சரிவில் நிற்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் தணிந்ததாகக் கணக்கு. அதன் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் காட்ட வேண்டும். மலையில் கால் மரத்தால் குளிர்தான் என்று விட்டுவிடுகிறோம். நரம்பு பாதித்தாலும் அப்படியேதான் மரக்கும்.