தகட்டில் இருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள்

பழைய கார் போட்டிகளில் நடுவராக இருக்கும்போது பெயின்ட்டின் பளபளப்பை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் எண்கள். 1969 செவர்லே கமாரோ என்றால் எண்களை முடிக்காமல் வேறு எதையும் தொடுவதே இல்லை. அந்த ஆண்டு மாடலில் வந்த 2,43,085 கமாரோக்களில் பந்தயத்துக்கென்று வந்த உயர் ரகமான இஸட்/28 வெறும் 20,302தான். சாதாரண வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) காரை இஸட்/28 என்று சொல்லி விற்றால் விலை எங்கேயோ போய்விடும். அதற்கு வேண்டிய தகடும் புதிதாக அடித்துக் கிடைக்கிறது.

இந்தக் காரில் பார்க்க வேண்டிய தகடுகள் இரண்டு. ஒன்று டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வின் நம்பர் (வாகன அடையாள எண்) தகடு. உதாரணமாக 124379என் என்று தொடங்கலாம். 1 செவர்லே, 24 வி8 கமாரோ, 37 கூப், 9 மாடல் ஆண்டு, ‘என்’ ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை. வி8 என்று சொல்லுமே தவிர எந்த வி8 என்று இது சொல்லாது. செவர்லே வின் நம்பரில் எஞ்சினுக்குத் தனி எழுத்து வந்தது 1972 மாடலில்தான்.

இன்னொன்று பானட்டைத் திறந்தால் ஃபயர்வாலில் தெரியும் பாடி தகடு. அதில் பெயின்ட் 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு. 04சி என்றால் ஏப்ரல் மூன்றாவது வாரம். 1968 டிசம்பர் முதல் நார்வுட் கார்களின் தகட்டில் எக்ஸ்33, எக்ஸ்77 போன்ற குறியீடுகளும் வந்தன. இந்த இரண்டும் இஸட்/28க்கு உரியவை. ஆனால் பாடி தகட்டில் வின் நம்பர் கிடையாது. அதனால் ஒரு காரின் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் ரிவெட் அடித்துவிட்டால், தகட்டை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது.

நான் பார்த்த ஒரு ஆரஞ்சு நிறக் காரின் தகட்டில் 10பி (அக்டோபர் இரண்டாவது வாரம்), எக்ஸ்33 என்று இருந்தது. வின் நம்பரின் கடைசி ஆறு இலக்கமான வரிசை எண் ஐந்து லட்சத்துச் சில ஆயிரம். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1970 மாடல் தாமதமாகி 1970 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அதனால் 1969 மாடலை 1968 ஆகஸ்டில் தொடங்கி 1969 நவம்பர் வரை ஓட்டினார்கள். ஆக, ஒரே மாடலுக்கு இரண்டு அக்டோபர். நார்வுட் வரிசை எண் 500001இல் தொடங்கியது, கடைசியில் ஏழு லட்சத்தைத் தாண்டியது. ஐந்து லட்சத்துச் சில ஆயிரம் என்றால் கார் 1968இல் வந்தது. அந்த அக்டோபரில் எக்ஸ்33 குறியீடே இல்லை. தகடு 1969 அக்டோபருடையது என்று வைத்துக்கொண்டால் வரிசை எண் ஏழு லட்சத்தை ஒட்டி இருந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தகடு அந்தக் காருடையது அல்ல. உரிமையாளர் நல்ல மனிதர், இஸட்/28 விலை கொடுத்து வாங்கியவர். அவரிடம் இதைச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது.

அப்புறம் எஞ்சின். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பரோடு எஞ்சின் நம்பரும் இருக்கும். அமெரிக்க டைட்டிலில் (கார் உரிமைப் பத்திரம்) பொதுவாக வின் நம்பர் மட்டும்தான். அதனால் எஞ்சினை அதன் மேல் இருக்கும் எண்களை வைத்தே பார்க்க வேண்டும். பிளாக்கின் பின்பக்கம் வார்ப்பிலேயே தேதி இருக்கும். சி149 என்றால் மார்ச் 14, 1969. கடைசி 9 மட்டும்தான் ஆண்டு, எனவே 1979இல் வார்த்த பிளாக்கிலும் அதே சி149 வரலாம். பிளாக்கின் வகையைச் சொல்லும் வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவாகும். பிளாக்கின் முன்பக்கம் எண் அடித்த பட்டையில் வி0320டிஇஸட் என்றால் ஃப்ளின்ட் ஆலை, மார்ச் 20, இஸட்/28க்கான 302 கன அங்குல எஞ்சின். வார்ப்பு, பொருத்தல், பாடி என்ற வரிசையில் தேதிகள் நகர வேண்டும். இடையில் சில வாரங்கள் இருப்பது சகஜம். பல மாதங்கள் என்றால் கேள்வி கேட்பேன். பாடி தேதிக்குப் பிந்திய எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததாக இருக்க முடியாது. வாரன்ட்டியில் மாற்றிய எஞ்சினாக இருக்கலாம். ‘சிஇ’ என்று தொடங்கும் முத்திரை இருந்தால் அதை நேர்மையான மாற்று என்றே எழுதுவேன்.

அந்தப் பட்டையை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தொழிற்சாலை இயந்திரம் சீவிய மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். கோடுகளே இல்லாமல் வழவழவென்று இருந்து, எண்கள் மட்டும் புத்தம் புதிதாகத் தெரிந்தால் அது பின்னால் அடித்த எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போலி செய்பவர்கள் அடிக்கடி மாட்டுவது கியர்பாக்ஸில். எஞ்சின் தேதியில் ‘எச்’ என்றால் ஆகஸ்ட். இந்தக் கார்களில் வந்த மன்ஸி ஆலை கியர்பாக்ஸில் அதே ‘எச்’ ஜூன். அங்கே மாத எழுத்துகள் இடையிடையே தாவிப் போகும். எஞ்சின் கணக்கிலேயே கியர்பாக்ஸுக்கும் எழுத்து அடித்தவர் அங்கேயே பிடிபடுவார்.

தகடுகளைக் கழற்றாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வின் நம்பரைத் தெரிந்தே அகற்றினாலோ மாற்றினாலோ அமெரிக்க மத்திய சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பழுதுபார்க்கத் தவிர்க்க முடியாமல் கழற்றுவதற்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட் காரை 2017இல் கேன்ஸாஸ் மாநிலப் போலீஸ் பறிமுதல் செய்தது. முன்பு புதுப்பித்தபோது வின் தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள், வாங்கியவருக்கு அதில் பங்கே இல்லை. 2022இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவருக்குக் கார் திரும்பக் கிடைத்தது.

பெயின்ட் அடிக்கும் முன் தகட்டின் மேல் டேப் ஒட்டுங்கள். ரிவெட்டுகளும் தெரியும்படி நெருக்கத்தில் படம் எடுத்து வையுங்கள்; 1969 கமாரோவின் வின் தகட்டில் ஆறு இதழ்ப் பூப்போன்ற ரிவெட் இருக்க வேண்டும். எஞ்சினை லேத்துக்குக் கொடுக்கிறீர்களா? பிளாக்கின் மேல்தளத்தைச் சீவும்போது எண் இருக்கும் பட்டையும் அதே மட்டத்தில் சேர்ந்து போய்விடும். பட்டையைத் தொட வேண்டாம் என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.